காரைக்குடியைச் சும்மா சுத்திப் பாருங்க: பர்ஸைத் திறக்காம ரெண்டு நாள்



கொஞ்ச நாள் முன்னாடி நம்ம சேனல் பார்க்கிற ஒரு தம்பி தன்னோட கிரெடிட் கார்டு ஸ்டேட்மெண்டை எனக்கு அனுப்பியிருந்தார். சென்னையில ஐடி வேலை, மூணு வருஷ அனுபவம். லாங் வீக்கெண்டுக்கு மனைவியோட செட்டிநாட்டுப் பக்கம் ஒரு ஹெரிடேஜ் ஹோட்டல்ல ரெண்டு ராத்திரி தங்கியிருக்கார். வாடகை கார், சாப்பாடு எல்லாம் சேர்த்து 36,000 ரூபாய். அதை 6 மாச இஎம்ஐயா மாத்திட்டு, "அண்ணே, மாசம் ஆறாயிரத்துச் சொச்சம்தானே, தப்பில்லையே?"ன்னு கேட்டார்.

கணக்கைப் போட்டுப் பார்த்தேன். வருஷத்துக்கு 16% வட்டின்னா மாச இஎம்ஐ 6,283 ரூபாய். ஆறு மாசத்துல வட்டி மட்டும் 1,700. அந்த வட்டி மேல 18% ஜிஎஸ்டி 306. ப்ராசஸிங் ஃபீ 299, அதுக்கும் ஜிஎஸ்டி, ஆக 353. மொத்தம் சேர்த்தா கிட்டத்தட்ட 2,360 ரூபாய் கூடுதல் செலவு.

தங்கினதை நான் குறை சொல்லவே இல்ல. நல்ல ஹோட்டல்ல தங்கறது ஒரு அனுபவம், சம்பாதிக்கிறதே அதுக்கும்தான். ஆனா "அங்க என்னென்ன பார்த்தீங்க?"ன்னு கேட்டேன். "நீச்சல் குளம் சூப்பர்ணே. தூண் எல்லாம் பெருசு பெருசா இருந்துச்சு. ரீல்ஸ் போட்டோம்"ன்னார். முனீஸ்வரன் கோவில் தெரு போகல. ஆத்தங்குடியில டைல்ஸ் செய்யறதைப் பார்க்கல. கண்டாங்கி நெய்யற தறி எப்படி இருக்கும்னு தெரியாது. இது மூணுக்கும் டிக்கெட்டே கிடையாது!

அவர் கட்டற அந்தக் கூடுதல் 2,360 ரூபாய்லயே ஒரு ஆள் சென்னையிலிருந்து காரைக்குடி போயிட்டு வந்துட முடியுமான்னு எனக்கு ஒரு ஆசை வந்துச்சு. போன பிப்ரவரியில நானே கிளம்பிட்டேன்.

முதல் காலை: தெருவே மியூசியம்

காரைக்குடிக்கு சென்னையிலிருந்து ராத்திரி பஸ் நிறைய இருக்கு. ரயில்னா பல்லவன் எக்ஸ்பிரஸ் இங்கதான் வந்து முடியும். ராமேஸ்வரம் போற ரயில்கள்ல சிலதும் காரைக்குடி வழியாத்தான் போகுது. நான் ஸ்லீப்பர்ல போனேன். பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல சாதாரண லாட்ஜ்ல பையைப் போட்டுட்டு, காலை 7 மணிக்கெல்லாம் தெருவுல இறங்கிட்டேன். வெயில் ஏறறதுக்கு முன்னாடி சுவர்ல இருக்கிற சுதை வேலை நல்லாத் தெரியும்.

ஒரு செட்டிநாட்டு வீட்டை வெளியில நின்னே எப்படிப் பார்க்கிறதுன்னு சொல்றேன். முதல்ல தலையை நிமிர்த்தி முகப்புக்கு மேல பாருங்க. கஜலட்சுமி இருப்பாங்க, ரெண்டு பக்கமும் யானை. அதுக்குப் பக்கத்துலயே சில வீடுகள்ல துப்பாக்கி பிடிச்ச வெள்ளைக்கார சிப்பாய் நிற்பான். லட்சுமியும் சிப்பாயும் ஒரே மாடியில! வியாபாரம் எங்கே நடந்துச்சு, யார் ஆட்சியில நடந்துச்சுன்னு அந்த ரெண்டு பொம்மையே சொல்லிடும்.

அடுத்து வீட்டோட நீளத்தைப் பாருங்க. முன்வாசல் ஒரு தெருவுல இருக்கும், பின்வாசல் அடுத்த தெருவுல இருக்கும். நான் ஒரு வீட்டைச் சுத்தி நடந்து வர்றதுக்குள்ள ஒரு டீ குடிக்கிற நேரம் ஆச்சு. நடுவுல திண்ணை, முகப்பு, வளவு, ரெண்டாங்கட்டு, அடுப்படின்னு வரிசையாப் போகும். வளவுங்கிறது வானம் தெரியற நடு முற்றம். அதைச் சுத்தி இருக்கிற அறைகள் ஒவ்வொரு மகனுக்கும் ஒண்ணுன்னு கணக்கு. கல்யாணம் ஆன ஒவ்வொரு தம்பதியும் ஒரு 'புள்ளி'. கோவில் வரி வாங்கினது அந்தப் புள்ளிக் கணக்குலதான். இந்தப் புள்ளி விஷயத்தை ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி வேணும்.

சுவரைத் தொட்டுப் பார்க்க வாய்ப்புக் கிடைச்சா தொட்டுப் பாருங்க. சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, கடுக்காய்ச் சாறு எல்லாம் போட்டு அரைச்சுப் பூசின பூச்சு. பளிங்கு மாதிரி வழவழன்னு, வெயில்லயும் குளுகுளுன்னு இருக்கும். தேக்கு பர்மாவுல இருந்தும், சலவைக்கல் இத்தாலியில இருந்தும், கண்ணாடி பெல்ஜியத்துல இருந்தும் வந்துச்சு. கப்பல்ல ஏத்தி, இறக்கி, மாட்டு வண்டியில இந்த வறண்ட பூமிக்குக் கொண்டு வந்திருக்காங்க.

காரைக்குடிக்குள்ளேயே 'ஆயிரம் ஜன்னல் வீடு' இருக்கு. 1941-ல கட்டினது. உள்ளே விடமாட்டாங்க, அது ஒரு குடும்பத்தோட வீடு. வெளியில நின்னு பார்க்கக் காசு இல்ல. நான் ஜன்னலை எண்ண ஆரம்பிச்சு நாற்பதுலயே விட்டுட்டேன்.

பூட்டின வீட்டு வாசல்ல காவலாளி இருந்தா, கேட்டுப் பாருங்க. "ஐயா, வாசல்ல நின்னு வளவை மட்டும் பார்த்துக்கலாமா?"ன்னு மரியாதையாக் கேட்டா சிலர் விடுவாங்க, சிலர் விடமாட்டாங்க. விட்டா செருப்பை வெளியில கழட்டுங்க, சாமி அறையைப் போட்டோ எடுக்காதீங்க, கிளம்பும்போது அவர் கையில ஏதாவது கொடுத்துட்டு வாங்க. இலவசமாப் பார்க்கிறதுன்னா அடுத்தவங்க நேரத்தை ஓசியில வாங்கிக்கிறதுன்னு அர்த்தமில்ல.

முனீஸ்வரன் கோவில் தெரு

காரைக்குடியில எனக்கு ஒரே ஒரு இடம்தான் பார்க்க முடியும்னா இந்தத் தெருவைத்தான் சொல்வேன். பழம்பொருள் கடைகள் வரிசையா இருக்கு. உள்ளே நுழைஞ்சா ஒரு வீட்டோட மொத்த வாழ்க்கையும் கொட்டிக் கிடக்கும். பர்மாவுல இருந்து வந்த அரக்குப் பூசின மரவை. மங்குச் சாமான். எனாமல் தூக்குச் சட்டி. பித்தளை வெற்றிலைப் பெட்டி. பல்லாங்குழி. ரவி வர்மா அச்சுப் படம். தஞ்சாவூர் ஓவியம். முழங்கை நீளச் சாவி. யாரோ பேர் பொறிச்ச எவர்சில்வர் டம்ளர் நூறு. கல்யாணப் போட்டோவுல யாரோ ஒரு ஆச்சியும் செட்டியாரும் ஃப்ரேமுக்குள்ள இருந்து உங்களையே பார்த்துக்கிட்டிருப்பாங்க. அந்த போட்டோவுக்கும் விலை ஒட்டியிருக்கும்.

பொருளைக் கேக்காம எடுக்காதீங்க. "சும்மா பார்க்க வந்தேன்"னு முதல்லயே சொல்லிடுங்க. நான் போன கடையில, "பாருங்க தம்பி, பார்க்கிறதுக்குத்தானே வெச்சிருக்கு"ன்னு ஸ்டூலைப் போட்டார் கடைக்காரர். நாற்பது நிமிஷம் பேசினார். எந்த மியூசியத்துல இந்த மாதிரி கைடு கிடைப்பார்?

அங்கதான் அந்தக் கணக்கு நோட்டைப் பார்த்தேன். தடிமனான அட்டை, ஓரம் செல்லரிச்சது. முதல் பக்கத்துல பிள்ளையார் சுழி. உள்ளே தமிழ் எண்ணுல வரவு, பற்று. எனக்குத் தமிழ் எண் தட்டுத்தடுமாறித்தான் படிக்க வரும், ஆனா ஒரு பேரேட்டோட அமைப்பு ஆடிட்டருக்குத் தெரியாமப் போகுமா? நாம சிஏ ஃபவுண்டேஷன்ல இங்கிலீஷ்ல படிக்கிற எல்லாத்துக்கும் இவங்ககிட்ட எப்பவோ வார்த்தை இருக்கு. தினசரிப் பதிவுக்குக் 'குறிப்பு'. லெட்ஜருக்குப் 'பேரேடு'. எல்லாப் பேர் நிலுவையும் சேர்த்துக் கட்டிப் பார்க்கிறதுக்கு 'ஐந்தொகை'. வேலைக்குச் சேரும் பையன் 'பெட்டியடிப் பையன்', அவனுக்கு மேல 'அடுத்தாள்', அதுக்கும் மேல 'மேலாள்'. கடல் தாண்டிப் போற ஏஜெண்டுக்கு வழக்கமா மூணு வருஷத் தவணை. சம்பளம், ஒப்பந்தம், ஊர் திரும்பினதும் கணக்கு ஒப்படைப்பு எல்லாமே எழுத்துல. நம்ம ஆளுங்க ஆஃபர் லெட்டரைப் படிக்காம டிஜிட்டல் கையெழுத்துப் போடறதை நினைச்சுக்கிட்டேன்.

இன்னும் ரெண்டு சுவாரசியம் உண்டு. கல்யாணத்துல பொண்ணுக்குக் கொடுத்த சீதனப் பணத்தை அவங்க பேர்லயே கடையில வைப்பா வெச்சு, வட்டி கட்டியிருக்காங்க. அது 'ஆச்சி பணம்', கணக்குல தனிப் பேர். இன்னைக்கு மனைவி சம்பளத்தையும் தன் சம்பளத்தையும் ஒரே அக்கவுண்ட்ல கலக்கிட்டு வருஷக் கடைசியில என்கிட்ட வந்து நிக்கிறவங்களை எனக்குத் தெரியும். ரெண்டாவது 'மகமை'. வியாபாரத்துல கோவிலுக்கும் தர்மத்துக்கும்னு ஒரு சின்ன விகிதத்தைத் தனியா எடுத்து வைக்கிறது. லாபத்துல மிச்சம் இருந்தா கொடுப்போம்ங்கிற கதையே இல்ல.

கடைக்காரர் நோட்டைப் புரட்டிக் காட்டினார். 'ரங்கூன் வரவு'ன்னு பக்கத்துக்குப் பக்கம் ஒரு வரி வந்துக்கிட்டே இருந்துச்சு. விஷு வருஷம் கார்த்திகை வரைக்கும் இருக்கு. அதுக்கப்புறம் அந்த வரி இல்ல. நோட்டு நிக்கல, தொடர்ந்து எழுதியிருக்காங்க. பால் காசு, பள்ளிக்கூடச் சம்பளம், கோவிலுக்கு எண்ணெய். வரவுப் பக்கம்தான் காலி.

விஷு வருஷம்னா 1941-42. அந்த மார்கழியிலதான், 1941 டிசம்பர் கடைசியில, ஜப்பான்காரன் ரங்கூன் மேல குண்டு போட்டான்.

எப்படி இவ்வளவும் தெருவுக்கு வந்துச்சு?

இதை நான் கொஞ்சம் விரிவாச் சொல்றேன், ஏன்னா பணம் பத்திப் பேசற நமக்கு இந்தக் கதை முக்கியம்.

கீழ் பர்மா பிரிட்டிஷ்காரங்க கைக்குப் போனதும் அங்கே நெல் சாகுபடி பெருசா வளர்ந்துச்சு. விவசாயிக்குக் கடன் கொடுக்க வெள்ளைக்கார வங்கிகள் தயாரா இல்ல. நகரத்தார் கொடுத்தாங்க. 1929-30-ல பர்மா வங்கி விசாரணைக் குழு எடுத்த கணக்குப்படி அங்கே 1,600-க்கு மேல செட்டியார் கடைகள் இருந்துச்சு. இங்க நாம பார்க்கிற தேக்குத் தூண்கள்ல பெரும்பாலானது அந்த நெல்லோட வட்டி.

1930-கள்ல உலகமே பொருளாதார மந்தத்துல விழுந்துச்சு. நெல் விலை சரிஞ்சுச்சு, விவசாயியால கடனைத் திருப்ப முடியல. அடமானம் வெச்ச நிலம் கடன் கொடுத்தவங்க கைக்கு வந்துச்சு. பர்மாவோட 13 முக்கிய நெல் மாவட்டங்கள்ல 1930-ல செட்டியார்கள்கிட்ட இருந்த நிலம் 6%. 1937 வாக்குல அது 25%. வெளியில பார்க்கிறவனுக்கு 'இவ்வளவு நிலமா!'ன்னு தோணும், பர்மாக்காரங்களுக்குக் கோபமும் வந்துச்சு. ஆனா ஒரு கணக்காளரா பாருங்க. கைமாறிக்கிட்டே இருந்த ரொக்கம் மொத்தமும் விற்க முடியாத நிலமா மாறிடுச்சு. அதுவும் அடுத்த நாட்டுல.

சிலர் சுதாரிச்சாங்க. 1937 பிப்ரவரியில எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கினார். முதல் நாளே மூணு இடத்துல கிளை: காரைக்குடி, சென்னை, ரங்கூன். ஆனா 1942-ல ஜப்பான் ரங்கூனைப் பிடிச்சதும் போட்டது போட்டபடி ஜனங்க கால்நடையாவும் கப்பல்லயும் ஊருக்கு ஓடி வந்தாங்க. 1948-ல சுதந்திர பர்மா நிலத்தை நாட்டுடைமை ஆக்கறதுக்குச் சட்டம் போட்டுச்சு. கணக்குல சொத்து இருந்துச்சு, கையில ஒண்ணும் இல்ல.

ஊர்ல இருந்தது இந்த வீடுகள். இப்ப அந்தப் புள்ளிக் கணக்குக்கு வாங்க. ஒரு தாத்தா கட்டின வீடு. அவருக்கு நாலு மகன், அவங்களுக்கு மகன்கள். இன்னைக்கு ஒரு வீட்டுல பங்கு உள்ளவங்க முப்பது பேர், நாற்பது பேர். ஒருத்தர் சிங்கப்பூர், ஒருத்தர் சென்னை, ஒருத்தர் நியூ ஜெர்சி. ஓடு மாத்தணும்னா யார் காசு போடறது? விக்கணும்னா அத்தனை பேரும் கையெழுத்துப் போடணும். ஒருத்தர் மாட்டேன்னாலும் பூட்டுதான். வீடு நல்லது கெட்டதுக்கு மட்டும் திறக்கும். முழு வீட்டை விக்க முடியாதவங்களுக்கு உள்ளே இருக்கிற சாமானைப் பங்கு போட்டு விக்கிறது சுலபம். அப்புறம் கதவு. அப்புறம் தூண். சில ஊர்கள்ல முழு வீட்டையே பிரிச்சு வித்துட்டாங்க.

'வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்'னு நம்ம ஊர்ல சொல்வாங்க. இங்க ரெண்டையும் பிரமாதமாப் பண்ணினாங்க. 2014-ல யுனெஸ்கோவோட உத்தேசப் பட்டியல்ல செட்டிநாட்டு ஊர்கள் இடம் பிடிச்சது. வீட்டைப் பராமரிக்க உத்தேசப் பட்டியல் காசு தராது. உங்க வீட்டுல தாத்தா பேர்ல இன்னும் பட்டா மாறாத ஒரு இடம் இருந்தா, அடுத்த பொங்கலுக்கு எல்லாரும் கூடும்போது பேச்சை எடுங்க. ஆறு பங்காளியா இருக்கும்போது முடிக்கிறது ஒரு வேலை, இருபத்தி ஆறு பேர் ஆனப்புறம் அது வேற வேலை.

சரி, கடையில ஏதாவது வாங்கணும்னு கை துறுதுறுன்னா என் தொழில் சார்ந்து சில விஷயம். பழம்பொருள் ஒரு முதலீடுன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. வாங்கிற விலை ஒண்ணு, நீங்க விக்கப் போனா கேக்கிற விலை வேற. புதுசாச் செஞ்சு, புகை போட்டுப் பழசாக்கின சாமானும் சந்தையில உண்டு. எனக்கே ஒரு ஊர்ல ஒரு கடையில 'நூறு வருஷப் பூட்டு'ன்னு ஒண்ணைத் தலையில கட்டினாங்க, வீட்டுக்கு வந்து துடைச்சா உள்ளே மெஷின் ஸ்க்ரூ! அதனால பிடிச்சிருந்தா மட்டும் வாங்குங்க, பில் கேட்டு வாங்குங்க.

சாமி சிலை பக்கமே போகாதீங்க. நூறு வருஷத்துக்கு மேற்பட்ட சிற்பம், ஓவியம் எல்லாம் 1972-ம் வருஷத்துத் தொல்பொருள் சட்டத்துல வரும். பதிவு, விக்கிறவருக்கு லைசென்ஸ் எல்லாம் வேணும். வெளிநாட்டுல இருக்கிற அண்ணனுக்குப் பரிசா அனுப்பறேன்னு பார்சல் பண்ணினா பெரிய சிக்கல். வரி விஷயம்: வீட்டுல புழங்கிற பித்தளைப் பாத்திரத்தை வித்தா அது சொந்த உபயோகப் பொருள், மூலதன ஆதாய வரி கிடையாது. ஆனா ஓவியம், சிற்பம், கலைப்பொருளுக்கு அந்தச் சலுகை இல்ல, நகைக்கும் இல்ல. ரெண்டு வருஷத்துக்கு மேல வெச்சிருந்து வித்தா லாபத்துல 12.5% வரி. பாட்டியோட தஞ்சாவூர் ஓவியத்தை ஆன்லைன்ல விக்கிற யோசனை இருந்தா இதையும் சேர்த்து யோசிங்க.

அந்தக் கணக்கு நோட்டுக்கு 4,500 ரூபாய் சொன்னார். ரெஸ்டாரண்ட் சுவர்ல ஒட்டறதுக்குப் பக்கம் பக்கமாக் கிழிச்சு வாங்கிட்டுப் போறவங்களும் உண்டாம். நான் வாங்கல. வாங்கியிருக்கணுமோன்னு இன்னும் இருக்கு.

ரெண்டாம் நாள்: ஆத்தங்குடி

காரைக்குடியிலிருந்து ஆத்தங்குடிக்கு டவுன் பஸ் இருக்கு. சாதாரணக் கட்டண பஸ்ஸா இருந்தா பெண்களுக்கு அந்த டிக்கெட்டும் கிடையாது. வழியில டைல்ஸ் பட்டறைகள் போர்டு வெச்சிருப்பாங்க. "பார்க்கலாமா?"ன்னு கேட்டுட்டு உள்ளே போங்க.

ஒரு கண்ணாடித் தகடு. அது மேல சதுர இரும்புச் சட்டம். அதுக்குள்ள கோலம் மாதிரி பிரிச்ச ஒரு அச்சு, மேல கைப்பிடி. அந்த அச்சோட ஒவ்வொரு அறையிலயும் கரண்டியால கலர் சிமெண்டை ஊத்தறாங்க. சிவப்பு, மஞ்சள், பச்சை, கருப்பு எல்லாம் ஆக்ஸைடு கலர். ஊத்தி முடிச்சதும் அச்சை ஒரே இழுப்புல மேல தூக்கறாங்க. கலர் ஒண்ணோட ஒண்ணு கலக்காம அப்படியே நிக்குது! அந்தக் கை நடுங்கினா டைல்ஸ் போச்சு. அப்புறம் அது மேல காய்ஞ்ச மணல்-சிமெண்ட் தூவி ஈரத்தை உறிஞ்ச விட்டு, மேல கலவை போட்டு, தட்டி, மட்டம் பண்றாங்க. காய்ஞ்சதும் தண்ணித் தொட்டியில சில நாள் ஊறணும். கடைசியில கண்ணாடியைப் பிரிச்சா, அடியில இருந்த பக்கம்தான் டைல்ஸோட முகம். கண்ணாடியோட வழவழப்பு அப்படியே இறங்கியிருக்கும். சூளை கிடையாது, நெருப்பு கிடையாது, பாலிஷ் மெஷின் கிடையாது.

அங்கே ஒரு அம்மா அச்சுல கலர் ஊத்திக்கிட்டே, "சென்னையிலேர்ந்து வந்து போட்டோ எடுத்துட்டுப் போறவுக நிறைய, வாங்கறவுக கொஞ்சம்"னு சிரிச்சாங்க. எனக்குச் சுருக்குன்னுதான் இருந்துச்சு. வாங்கற மாதிரி இருந்தா நேரா இங்கேயே விலை கேளுங்க, நடுவுல யாரும் இல்லாததால அவங்களுக்கும் நல்லது. நாலு கல்லு வாங்கி டீ கோஸ்டரா, செடித் தொட்டிக்கு அடியில வைக்கக்கூட ஆகும்.

புது ஃபிளாட்டுக்கு இதையே போடலாம்னு தோணறவங்களுக்கு ஒரு எச்சரிக்கை. பட்டறையில சொல்ற சதுர அடி விலை மட்டும் செலவு இல்ல. இந்தக் கல் சாதா டைல்ஸைவிட தடிமன், எடை அதிகம். லாரி வாடகை வரும். உடைசலுக்குக் கொஞ்சம் கூட வாங்கணும். பதிக்கிறதுக்குப் பழகின ஆள் வேணும், பல பேர் இங்கிருந்தே கூட்டிட்டுப் போறாங்க, அவங்க தங்கற செலவும் உங்களோடது. இந்த நாலையும் சேர்த்துட்டு அப்புறம் ஷோரூம் டைல்ஸோட ஒப்பிடுங்க. வாடகை வீட்டுல இருக்கிறவங்க இந்தப் பாராவையே மறந்துடுங்க. 'ஆத்தங்குடி டிசைன்'னு அச்சடிச்ச மெஷின் டைல்ஸும் கடையில வருது. பக்கத்துப் பக்கத்துல வெச்சுப் பாருங்க. ரெண்டு கல்லு பிசிறில்லாம ஒரே மாதிரி இருந்தா அது கையில செஞ்சது இல்ல.

ஆத்தங்குடியில 'பெரிய வீடு' இருக்கு. அதுக்கு மட்டும் சின்னதா ஒரு டிக்கெட். தாராளமாக் கொடுத்துப் போங்க, இவ்வளவு நேரம் வெளியில நின்னு பார்த்த எல்லாத்தையும் உள்ளே நின்னு பார்க்கலாம். அண்ணாந்து கூரையைப் பாருங்க, கழுத்து வலிக்கும்.

கானாடுகாத்தான் பக்கத்துலதான். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைத் தொடங்கின ராஜா சர் அண்ணாமலை செட்டியாரோட அரண்மனை இங்க. வாசல்ல நின்னு பார்க்கலாம். அந்தத் தெருவுல நடக்கிறதே போதும். ஊருணிக் கரையில உட்கார்ந்துட்டு வாங்க. இந்த வீட்டு வளவுல விழற மழைத் தண்ணியைச் சேர்த்து வெச்சதையும் தெருத் தண்ணி ஊருணிக்குப் போனதையும் பார்த்தா, இவங்க டிசைன் பண்ணினது வீட்டை மட்டும் இல்ல, ஊரையும்தான்னு தெரியும்.

தறியும் ஓலையும்

காரைக்குடிக்குத் திரும்பினா கண்டாங்கி. பெரிய கட்டம், அகலக் கரை, அரக்கு, கடுகு மஞ்சள், கருப்பு. 2019-ல புவிசார் குறியீடு கிடைச்சது. தறி இருக்கிற வீடுகள்ல கேட்டா பார்க்க விடுவாங்க. கடைகள்ல விசைத்தறிக் கண்டாங்கியும் விக்குது, விலை வித்தியாசம் அதனாலதான். கைத்தறி முத்திரை இருக்கான்னு பாருங்க. வாங்கித்தான் ஆகணும்னா அவசரப்படாதீங்க, கோ-ஆப்டெக்ஸ்ல தீபாவளி சமயத்துல 30% தள்ளுபடி போடுவாங்க.

கொட்டானும் அப்படித்தான். பனை ஓலையில பின்னின கலர் கலரான கூடை, கல்யாணச் சீர்ல வர்றது. கிட்டத்தட்ட மறைஞ்சு போன இந்த வேலையை எம்.ஆர்.எம்.ஆர்.எம். கல்சுரல் ஃபவுண்டேஷன் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்துத் திரும்பக் கொண்டு வந்துச்சு. இதுக்கும் புவிசார் குறியீடு உண்டு. நான் மொத்தப் பயணத்துல எனக்குன்னு வாங்கினது ஒரே ஒரு கொட்டான்தான். இப்ப என் ஆபீஸ் டேபிள்ல அதுக்குள்ள க்ளையண்ட்ஸோட பென்டிரைவ் கிடக்கு.

கோவில்களைத் தனியாச் சொல்லவே வேண்டாம். பிள்ளையார்பட்டி, வைரவன்பட்டி, இளையாத்தங்குடின்னு நகரத்தாரோட ஒன்பது கோவில். கல் வேலைப்பாடு பார்க்க வேற கேலரி தேவையில்ல. காரைக்குடிக்குள்ள கம்பன் மணிமண்டபம், அதே வளாகத்துல தமிழ்த்தாய் கோவில். தமிழுக்குன்னே கட்டின கோவில், 1993-ல திறந்தது. திரும்பற வழி மதுரைன்னா கீழடி அருங்காட்சியகத்துல இறங்குங்க. 2023-ல திறந்த அந்தக் கட்டடமே செட்டிநாட்டுப் பாணிதான், ரெண்டு நாள் பார்த்த வளவும் தூணும் புதுசாக் கட்டினா எப்படி இருக்கும்னு அங்க பார்க்கலாம். கட்டணம் ரொம்பக் குறைவு.

சரி, கணக்கு. ரயில் போக வர 480. லாட்ஜ் ஒரு ராத்திரி 900. ரெண்டு நாள் சாப்பாடு 640, இதுல ஒரு மதியம் மெஸ்ஸுல வயிறு முட்டச் சாப்பிட்டதும் சேர்த்தி. பஸ், ஒரு தடவை ஆட்டோ 310. பெரிய வீட்டு டிக்கெட், காவலாளிக்குக் கொடுத்தது, பட்டறையில எல்லாருக்கும் டீ, சேர்த்து 250. மொத்தம் 2,580. கொட்டான் தனி.

அந்தத் தம்பியோட கூடுதல் செலவைவிட 220 ரூபாய் அதிகமாயிடுச்சு. டார்கெட் மிஸ்! ஆட்டோவைத் தவிர்த்திருந்தா ஜெயிச்சிருப்பேன்.

அவர்கிட்ட இதைச் சொன்னேன். இன்னும் நாலு இஎம்ஐ பாக்கி இருக்காம், முடிஞ்சதும் மனைவியோட திரும்பப் போறதாச் சொல்லியிருக்கார், இந்தத் தடவை லாட்ஜ்ல. தை, மாசியில போங்க, சித்திரை வெயில்ல அந்தப் பக்கம் தலை வைக்காதீங்கன்னு சொல்லியிருக்கேன். கூடவே ஒரு வேலையும் கொடுத்திருக்கேன்: அந்த நோட்டு இன்னும் கடையில இருக்கான்னு பார்த்துட்டு எனக்கு ஒரு போன் போடணும்.